60 செ.மீ. டிஷ் போதுமா, 90 வேண்டுமா, 6 அடி வேண்டுமா: வேதாரண்யம் பக்கத்து வீட்டுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். வேதாரண்யம் பக்கத்தில் அப்பா, அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்கு தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போட வேண்டும். கடைக்காரர் 60 செ.மீ. டிஷ் போதும் என்கிறார். அடுத்த வீட்டில் அதே அளவு டிஷ்தான், தூறல் போட்டாலே படம் நின்றுவிடுகிறது, அதனால் 90 வாங்கச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவரோ 6 அடி டிஷ் போட்டால் தமிழ்ச் சேனல் இன்னும் நிறைய வரும் என்கிறார். அப்பா புயல், மழை நாளில்தான் விடாமல் செய்தி பார்ப்பார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடைசி விஷயம்தான் என் பதிலைத் தீர்மானிக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீ டிஷ்ஷுக்கு 90 செ.மீ. வாங்குங்கள், அதை அசையாமல் இறுக்க நல்ல கான்கிரீட் தளமோ சுவரோ இருந்தால். அப்படி இடம் இல்லையென்றால் நன்றாகப் பொருத்திய 60 செ.மீ. டிஷ், ஆடிக்கொண்டிருக்கும் 90ஐ விட நன்றாக வேலை செய்யும். 6 அடி டிஷ் வேறு அலைவரிசைக்கு உரியது, ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாற்று இல்லை. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஃப்ரீ டிஷ் இப்போது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்டது, 93.5 டிகிரி கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஒளிபரப்பு கு-பேண்ட் என்ற அலைவரிசையில், 11 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி. இந்திய நிலப்பரப்பை மனதில் வைத்து வடிவமைத்த கற்றை அது. அதனால்தான் நாடு முழுக்க 60 செ.மீ. டிஷ்ஷையே வைத்து ஓட்டுகிறார்கள். கற்றைக்கு வெளியே போய்விட்டால் கதை வேறு. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு தூர்தர்ஷன் தனியாக சி-பேண்ட் என்ற வேறு அலைவரிசையில் டிடிஎச் கொடுக்க வேண்டி வந்தது இதனால்தான். வேதாரண்யத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே கடைக்காரர் சொல்வது உண்மை: வெயில் நாளில் 60 போதும்.

எவ்வளவு மிச்சத்தோடு போதும் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. டிஷ்ஷின் வேலை, பரப்பில் விழும் அலையைத் திரட்டி, டிஷ்ஷின் முன்னால் கையில் நிற்கும் எல்.என்.பி. என்ற சிறு பெட்டியின் வாயில் சேர்ப்பது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடும். 60லிருந்து 90க்குப் போனால் விட்டம் ஒன்றரை மடங்கு, பரப்பு 2.25 மடங்கு, சிக்னல் சுமார் 3.5 டெசிபல் கூடுகிறது (டெசிபல் என்பது வலிமையை ஒப்பிடும் அளவு, 3 டெசிபல் என்றால் இரு மடங்கு). கற்றையின் வலிமையை 50 டெசிபல்-வாட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சரியாகத் திருப்பிய 60 செ.மீ. டிஷ்ஷில் தெளிந்த வானத்தில் இரைச்சலை விட 14 டெசிபல் மேலே சிக்னல் வரும். செட்-டாப் பாக்ஸ் படம் காட்ட 7, 8 டெசிபல் வேண்டும். மிச்சம் சுமார் 6 டெசிபல். 90 போட்டால் இந்த மிச்சம் ஒன்பதரையை ஒட்டி வரும். மழைக்குச் செலவழிக்க உங்கள் கையில் இருப்பது இந்த மிச்சம் மட்டும்தான்.

இனி மழை எவ்வளவு தின்னும் என்று பாருங்கள். மணிக்கு 5 மி.மீ. என்ற கணக்கில் பெய்யும் சாதாரணத் தூறல், இந்த அலைவரிசையில் ஒரு கிலோமீட்டருக்கு 0.15 டெசிபல் அளவுக்குத்தான் குறைக்கும். உங்கள் ஊரிலிருந்து ஜிசாட்-15 அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. அதனால் சிக்னல் மழைக்குள் கடக்கும் தூரம் ஐந்தரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மொத்தம் ஒரு டெசிபல்கூட இல்லை. மணிக்கு 20 மி.மீ. என்றால் 4 டெசிபல் வரை போகும். 50 மி.மீ. என்றால் 9 டெசிபலை ஒட்டும். 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது கிலோமீட்டருக்கே 5 டெசிபல். போதாததற்கு மழை சிக்னலைக் குறைப்பதோடு நிற்பதில்லை, நனைந்த வானமே இரைச்சலைக் கூட்டும். ஆக அடி இரண்டு பக்கமும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, 90 செ.மீ. டிஷ் கனமழையை வெல்லாது. மிதமான மழை முழுவதிலும் படம் போகாமல் இருக்கும், நல்ல மழையில் போனாலும் சீக்கிரம் திரும்பி வரும். கார்த்திகை மாதத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் அந்த அரை மணி நேரத்துக்கு 60, 90 இரண்டுமே இருட்டுதான். 6 அடி அளவில் கு-பேண்ட் டிஷ் வைத்தாலும் அப்போது படம் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. "எங்கள் டிஷ்ஷில் எந்த மழையிலும் படம் போகாது" என்று யார் விற்றாலும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது விஷயம் உங்கள் அடுத்த வீட்டைப் பற்றியது. தூறலுக்கே படம் நிற்கிறது என்றால் அவர்கள் டிஷ்ஷில் மிச்சம் ஒரு டெசிபல்கூட இல்லை என்று அர்த்தம். வெயில் நாளிலேயே அது விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அது 60 செ.மீ. அளவின் குறை கிடையாது, பொருத்தியதில் இருக்கும் குறை. அவர்களும் 90 வாங்கிச் செலவழிக்கும் முன் இதைச் சொல்லுங்கள், பாவம்.

பொருத்துவதில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி, 90க்கு 2 டிகிரி. நடுவிலிருந்து பாதி அகலம் விலகினால் சிக்னலில் பாதி போய்விடும், அதாவது 3 டெசிபல். 60 செ.மீ. டிஷ்ஷில் ஒன்றரை டிகிரி என்பது மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே ஒன்றரை செ.மீ.க்குச் சற்று கூடுதலான நகர்வு. 90லும் அதே ஒன்றரை செ.மீ.தான், ஏனென்றால் டிஷ் பெரிதானதும் பார்வை குறுகிவிடுகிறது. பெரிய டிஷ்ஷுக்குப் போய் அவசரமாக இறுக்கிவிட்டு வந்தால், கூடுதலாகக் கிடைத்த மூன்றரை டெசிபலையும் அங்கேயே தொலைத்துவிடலாம். கம்பம் செங்குத்தாக இல்லை, போல்ட் ஒன்று தளர்ந்திருக்கிறது, காக்கை உட்கார்ந்து உட்கார்ந்து எல்.என்.பி. கை லேசாக வளைந்திருக்கிறது என்ற அளவுக் குறையே இதற்குப் போதும்.

டிஷ் பொருத்த வரும் ஆளிடம் ஒன்றைக் கேளுங்கள்: குவாலிட்டி எவ்வளவு? பாக்ஸில் இரண்டு பட்டை காட்டும். ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக எவ்வளவு சக்தி வருகிறது என்று மட்டும் சொல்லும், அதில் இரைச்சலும் சேர்த்தி. வேறு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஸ்ட்ரெங்த் நன்றாகவே இருக்கும். 93.5க்கு இரண்டு பக்கமும் 91.5லும் 95லும் டிடிஎச் செயற்கைக்கோள்கள் நெருக்கமாக நிற்பதால் இந்தக் குழப்பம் நம் வானத்தில் சாதாரணம். குவாலிட்டிதான் படத்தின் உயிர். பல டெக்னீஷியன்கள் படம் வந்ததும் முடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். படம் வருவது தொடக்கம்தான். அதற்குப் பிறகு டிஷ்ஷை இடம் வலமாகத் துளித் துளியாக நகர்த்தி குவாலிட்டி உச்சத்துக்கு ஏறி இறங்குவதைப் பார்த்து உச்சத்தில் நிறுத்த வேண்டும். பிறகு மேலும் கீழும் அதே மாதிரி. கடைசியாக எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் மெல்லச் சுழற்ற வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே போகப் போக இந்தச் சுழற்றல் பெரிதாகத் தேவைப்படும், நம் தென் கடலோரத்தில் கணிசமாகவே வேண்டும். டெல்லியில் வைத்த கோணத்தையே இங்கேயும் வைத்துவிட்டுப் போனால் நஷ்டம் நமக்கு. மூன்றையும் செய்த பிறகு போல்ட்டை இறுக்கும்போதே ஒரு முறை குவாலிட்டி குறையும், அதையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பொறுமையான ஆளுக்கு இது அரை மணி நேர வேலை. அந்த அரை மணிக்குக் கூலி கூடக் கேட்டால் மனதாரக் கொடுங்கள்.

உங்கள் ஊருக்குத் திசை தென்கிழக்கு, வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 127 டிகிரி வாக்கில். உயரம் 70 டிகிரி என்றேன் அல்லவா, ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு நிமிர்ந்து தெரியாது. வீட்டு டிஷ் எல்லாம் ஆஃப்செட் வகை. எல்.என்.பி. கீழே தள்ளி இருப்பதால் டிஷ்ஷின் முகம் இருபது, இருபத்தைந்து டிகிரி தாழ்ந்தே இருக்கும். தென்னை மறைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு உச்சியில் பார்ப்பதால், டிஷ்ஷை விட 40 அடி உயரமான மரம்கூடத் தென்கிழக்கில் 15 அடிக்குள் இருந்தால்தான் குறுக்கே வரும். மட்டை வீசும் அகலத்தைச் சேர்த்து 30 அடி விட்டால் நிம்மதி. நகரத்தில் பக்கத்து அடுக்குமாடி மறைக்கும் பிரச்சினை உங்களுக்குக் கிடையாது.

கடையில் டிஷ் எடுக்கும்போது டேப்பால் அளந்து பாருங்கள். ஆஃப்செட் டிஷ் கொஞ்சம் நீளவட்டம், உயரம் அகலத்தை விடச் சற்று அதிகம். குறுக்கு அகலம்தான் கணக்கு. அதைவிட முக்கியம், வளைவு கெடாமல் இருப்பது. கு-பேண்டில் அலைநீளம் இரண்டரை செ.மீ.தான். பரப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே அந்தப் பகுதி திரட்டும் அலை கூட்டத்தோடு சேராது. இரண்டு நூலை எடுத்து விளிம்பிலிருந்து விளிம்புக்கு, நடுவில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி இழுத்துக் கட்டுங்கள். நூல்கள் நடுவில் தொட்டும் தொடாமல் உரசிக்கொண்டு போனால் டிஷ் நேராக இருக்கிறது. இடைவெளி விழுந்தால், அல்லது ஒன்றை ஒன்று அழுத்தினால், விளிம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லாரியில் அடுக்கி வந்த மெல்லிய தகடு டிஷ்களில் இந்தக் கோணலை அடிக்கடி பார்க்கலாம். கோணலான 90ஐ வாங்குவதற்கு நேரான 60ஐ வாங்கிவிடலாம்.

எல்.என்.பி. பெட்டியில் 0.1 டெசிபல் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அந்த எண்ணுக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். இரண்டு எல்.என்.பி.க்கு இடையே உள்ள இரைச்சல் வித்தியாசத்தால் கிடைப்பது, டிஷ்ஷை ஒழுங்காகத் திருப்பிக் கிடைப்பதில் கால்வாசிகூட வராது. கேபிள் நடுவில் பூஸ்டர் போட்டால் சிறிய டிஷ் பெரிய டிஷ் ஆகிவிடும் என்பதும் வேண்டாத செலவு. எல்.என்.பி.க்குள் சிக்னலோடு கலந்துவிட்ட இரைச்சலை அதற்குப் பின்னால் எதைப் போட்டாலும் பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்தே பெருகும். மாடியிலிருந்து கூடத்துக்கு 20 மீட்டர் ஆர்ஜி-6 கேபிள் தாராளமாகத் தாங்கும், பூஸ்டர் தேவையே இல்லை. பாக்ஸ் மட்டும் எம்பெக்-4 ஆக வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸில் ஃப்ரீ டிஷ்ஷின் எல்லாச் சேனலும் வராது.

இனி அந்த 6 அடி டிஷ். உங்கள் உறவினர் சொல்வது சி-பேண்டை. 3.7 முதல் 4.2 ஜிகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏழரை செ.மீ. கேபிள் ஆபரேட்டர்கள் சேனல்களைப் பிடிப்பது பெரும்பாலும் இதில்தான். தமிழ்ச் சேனல்கள் பல 66 டிகிரியில் உள்ள இன்டெல்சாட்-17லும், 68.5ல் உள்ள இன்டெல்சாட்-20லும் இருக்கின்றன. திசை ஃப்ரீ டிஷ்ஷுக்கு மறுபக்கம், தென்மேற்கு. அங்கே சிக்னல் கு-பேண்டை விட வலிமை குறைவு, அதனால் பெரிய டிஷ் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இன்னொரு காரணம் அதைவிட முக்கியமாக எனக்குப் படுகிறது. அலைநீளம் நீண்டால் அதே டிஷ்ஷின் பார்வை அகன்றுவிடும். 4 அடி டிஷ் சி-பேண்டில் பார்க்கும் அகலம் நாலரை டிகிரி. 66க்கும் 68.5க்கும் இடைவெளி இரண்டரை டிகிரி. 66ஐப் பார்க்கும் 4 அடி டிஷ்ஷுக்குப் பக்கத்துச் செயற்கைக்கோளின் சிக்னலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஒரே அலைவரிசையில் இரண்டும் மோதும் இடங்களில் குவாலிட்டி தேறாது. 6 அடியில் அகலம் 3 டிகிரிக்குள் வந்துவிடுகிறது, 8 அடியில் சுமார் 2.2. எனவே சி-பேண்டுக்கு 6 அடி என்பது குறைந்தபட்சம், இடம் இருந்தால் 8 அடி. 4 அடி டிஷ்ஷில் எல்லாம் வரும் என்று விற்பதை வாங்காதீர்கள்.

சி-பேண்டில் எல்லாம் இலவசமாக வரும் என்றும் நினைக்க வேண்டாம். சன், விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்கள் அங்கே பூட்டித்தான் வருகின்றன. பூட்டாத செய்திச் சேனல்கள், பக்திச் சேனல்கள், சிறிய சேனல்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும். இன்னொரு புதுத் தொல்லை 5ஜி. 2022ல் ஏலம் விட்ட 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் சி-பேண்டை ஒட்டியே இருக்கிறது. பழைய எல்.என்.பி.கள் 3400லிருந்தே உள்ளே வாங்கும். அருகில் டவர் இருந்தால் அதன் சத்தத்தில் எல்.என்.பி. திணறிப்போய் நல்ல சேனல்களும் கட்டம் கட்டமாக உடையும். இதற்கு டிஷ்ஷைப் பெரிதாக்கிப் பயனில்லை. 3700க்குக் கீழே அடைக்கும் ஃபில்டர் உள்ள எல்.என்.பி. போட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு சி-பேண்டின் பெருமையையும் சொல்ல வேண்டும்: மழை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 100 மி.மீ. வேகத்தில் கொட்டினாலும் 4 ஜிகாஹெர்ட்ஸில் குறைவது கண்ணுக்குத் தெரியாது. அப்பாவுக்குப் புயல் நாளில் செய்தி வேண்டும் என்றால், கோட்பாட்டின்படி 6 அடி சி-பேண்ட்தான் சரியான விடை. ஆனால் புயல் நாளில் மழையோடு காற்றும் வருகிறதே. மணிக்கு 120 கி.மீ. காற்று முகத்தில் அடித்தால் 60 செ.மீ. டிஷ்ஷின் மேல் விழும் தள்ளல் சுமார் 23 கிலோ. 90க்கு 50 கிலோ. 6 அடித் தகடு டிஷ்ஷுக்கு 200 கிலோவுக்கு மேல். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது உங்கள் ஊர்ப் பக்கம்தான், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வயதான இரண்டு பேர் இருக்கும் வீட்டு மாடியில் 6 அடித் தகடு பிய்த்துக்கொண்டு பறக்கும் ஆபத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரையில், முற்றத்தில், கான்கிரீட் அடித்தளம் போட்டு, வலை டிஷ்ஷாகப் போட முடியும் என்றால் யோசிக்கலாம். வலையில் காற்று கொஞ்சம் கடந்து போகும், ஏழரை செ.மீ. அலைக்கு அந்தச் சிறு துளைகள் தெரியாது. தகடு டிஷ்தான் என்றால் அடியில் வடிகால் துளை இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் சி-பேண்ட் டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துக் கவிழாத கிண்ணமாக நிற்கும், துளை அடைத்தால் மழைநீரும் சருகும் உள்ளேயே தேங்கும். புயலின் உச்ச நேரத்துக்கு, மின்சாரமும் போய்விடும் என்பதால், பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். எந்த டிஷ்ஷும் அதற்கு ஈடாகாது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு 90 செ.மீ. கு-பேண்ட். உயரமான கம்பத்தில் ஏற்ற வேண்டாம், உயரத்தால் இதில் ஒரு லாபமும் இல்லை. தளத்திலேயே தாழ்வாக, கைப்பிடிச் சுவரின் மறைவில், நான்கு ஆங்கர் போல்ட்டில் கான்கிரீட்டைப் பிடித்து இறுக்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் வெறும் ஒற்றைச் செங்கல் என்றால் அதில் அடிக்கவே கூடாது, 50 கிலோ தள்ளலில் சுவரோடு பெயர்ந்துவிடும். கடல் காற்றில் சாதாரண நட்டு போல்ட் சீக்கிரம் துருவேறி இற்றுவிடும், துத்தநாகப் பூச்சு உள்ளது கேளுங்கள், இறுக்கிய பிறகு கிரீஸ் தடவுங்கள். எல்.என்.பி.யில் செருகும் எஃப் கனெக்டரின் மேல் ரப்பர் டேப் சுற்றி, கேபிளை அதற்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு எடுத்துச் செல்ல வேண்டும், நீர் கேபிள் வழியே கனெக்டருக்குள் இறங்காது.

வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள். ஒன்றே ஒன்று கவனம்: மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், முற்பகல் 11 மணியை ஒட்டிச் சில நிமிடம், சூரியன் நேராகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். அப்போது தெளிந்த வானத்திலேயே படம் உடையும். டிஷ்ஷைத் தொட வேண்டாம், தானாகச் சரியாகிவிடும். பொருத்தி முடித்த அன்று, வெயில் நேரத்தில், பாக்ஸ் காட்டும் குவாலிட்டி எண்ணை டிவிக்குப் பின்னால் சுவரில் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். அந்த மெனுவை எப்படித் திறப்பது என்று அப்பாவுக்கும் காட்டிக் கொடுங்கள். பிறகு ஒரு வெயில் நாளில் அவர் ஃபோனில் படிக்கும் எண் சுவரில் உள்ளதை விடக் கணிசமாகக் குறைந்திருந்தால், டிஷ் அசைந்திருக்கிறது அல்லது கனெக்டரில் நீர் இறங்கியிருக்கிறது. மழை தொடங்கும் முன் ஆளை அனுப்பிவிடுங்கள்.